சந்தனப் பொட்டு வைத்த சிடி

மாமல்லபுரத்துக்கு நான் போனது பிள்ளையார் வாங்க. பேராக் மாநிலத்தில் எங்கள் சிறு பட்டணத்துக் கோயில் திருப்பணிக் குழுவில் நான் செயலாளர். குழுவில் கடப்பிதழ் காலாவதியாகாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். ஆகவே எனக்குச் சிற்பம் பற்றி ஒன்றும் தெரியாது என்பதைப் பொருட்படுத்தாமல் என்னையே விமானம் ஏற்றிவிட்டார்கள். சுனாமி வந்து போனதற்கு மறு ஆண்டு அது.

பேருந்திலிருந்து இறங்கியதுமே காதில் விழுந்தது உளிச் சத்தம். தெருவுக்குத் தெரு, பட்டறைக்குப் பட்டறை. நம் பிள்ளையார் தயாராக இருப்பார், பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு மூன்றே நாளில் ஊர் திரும்பலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சிற்பி என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். தும்பிக்கை இருந்தது, தொப்பை இருந்தது, கண்ணும் காதும் இன்னும் கல்லுக்குள் இருந்தன. நாளை மறுநாள் ஆயுத பூஜை, உளியைத் தொடமாட்டோம், அடுத்த வாரம் பாருங்கள் என்றார் சாவகாசமாக. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? கல்லோடு சண்டை போட முடியுமா?

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து இட்லி கேட்டேன். சாம்பாருக்குப் பதில் வடகறி ஊற்றினார்கள். மலேசியாவில் நான் அறியாத பண்டம். வடையை உதிர்த்து மசாலாவில் போட்டுக் கொதிக்க வைத்திருந்தார்கள். முதல் வாயில் சந்தேகப்பட்டு, மூன்றாவது வாயில் இன்னொரு கரண்டி கேட்டேன். நான் வாயைத் திறந்ததுமே கடைக்காரர், "சிலோனா சார்?" என்றார். மலேசியா என்றேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருந்தது. எங்கள் ஊரில் ஒரு குவளை தே தாரிக் வாங்கினால் அரை மணி நேரம் பேசலாம். இங்கே கொடுத்த தேநீர் இரண்டு மிடறில் தீர்ந்துபோனது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போய் பாஸ்கரனைக் கூப்பிட்டேன். பாஸ்கரன் கல்பாக்கம் குடியிருப்பில் இருப்பவர், மத்திய அரசு வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம். மூன்று வருடமாக எங்களுக்குள் மின்னஞ்சல் பழக்கம். நான் எங்கள் நகராண்மைக் கழகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவன். இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு: லினக்ஸைத் தமிழ் பேச வைப்பது. யாரும் விலை கொடுக்காமல் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்ற வகை மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஒரு சொல்லுக்குத் தமிழ் என்ன என்று மாதக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். முகம் பார்த்ததில்லை.

ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மின்னஞ்சலில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதுகிறவர், நேரில் பார்த்ததும் "என்னண்ணே, இவ்வளவு குட்டையா இருக்கீங்க" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. நான் கொண்டுவந்திருந்த சிடியைக் காட்டினேன். நாங்கள் இருவரும் சேர்ந்து தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை லினக்ஸில் சேர்த்திருந்தோம். பழைய தட்டச்சர்கள் புதிதாக எதையும் கற்காமலே அடிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே சிடியில் போட்டு, அவருக்குப் பரிசாக எடுத்து வந்திருந்தேன். பாஸ்கரன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஒரு ஆளைக் காப்பாத்தணும்ணே" என்றார்.

அந்த ஆள் கோமளா.

மறுநாள் காலை செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் இருந்த ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். ஊர்ப் பெயரைச் சொல்ல விருப்பமில்லை. பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி டயரை ஓர் உதை விட்டார், ஏறினார், பேருந்து கிளம்பியது. எங்கள் ஊரில் இப்படி ஒரு பேருந்து நின்றால் மூன்று படிவம் நிரப்பிவிட்டுத்தான் உதைக்கவே விடுவார்கள்.

கோமளாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். பதினோரு வருடமாக அங்கே தினக்கூலித் தட்டச்சர். முதலில் தட்டச்சுப் பொறி, பிறகு கணினி. அந்த அலுவலகத்தின் ஒரே கணினிக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார். அதில் ஓடிய மென்பொருள் எல்லாம் யாரோ போட்டுக் கொடுத்த திருட்டு நகல். உரிமம் இல்லாத மென்பொருள் எதுவும் அலுவலகங்களில் இருக்கக் கூடாது என்று மேலே இருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. விலைக்கு வாங்க ஒதுக்கீடு இல்லை. ஆகவே வட்டார வளர்ச்சி அலுவலர், அங்கே எல்லோருக்கும் பி.டி.ஓ., ஒரு முடிவு எடுத்திருந்தார்: கணினியை மூடிவிடுவது, தட்டச்சு வேலையைச் செங்கல்பட்டில் ஒரு ஜாப் டைப்பிங் கடைக்குக் கொடுத்துவிடுவது. தீபாவளியோடு கோமளாவுக்கு வேலை இல்லை. அவர் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டார்கள்.

பி.டி.ஓ. கெட்ட மனிதர் அல்லர். பயந்த மனிதர். லினக்ஸைப் பற்றி பாஸ்கரன் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "சும்மா குடுக்கிற பொருளுக்கு யார் சார் ஜவாப்தாரி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் நகராண்மைக் கழகத்தில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு என் மேலதிகாரியும் இதே கேள்வியை மலாயில் கேட்டிருந்தார். கடல் தாண்டினாலும் கோப்புக்குப் பின்னால் உட்காருகிற மனிதர் ஒருவர்தான்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். விஜயதசமிக்கு மறுநாள் கலெக்டர் அலுவலகத்திலிருந்து உதவி இயக்குநர் அம்மாள் ஆய்வுக்கு வருகிறார். அன்றைக்கு அந்த அம்மாள் எதிரிலேயே கோமளா அடித்து, தமிழில் அச்சாகி வந்தால் கணினி இருக்கட்டும். இல்லையென்றால் தன்னைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் திருட்டு நகலை முதலில் அழித்துவிட வேண்டும், இப்போதே, தன் கண்ணெதிரே.

அழித்தோம். கோமளாவின் கடிதங்களையும் பட்டியல்களையும் பதினான்கு பிளாப்பிகளில் எடுத்து வைத்துக்கொண்டு, பாஸ்கரன் மொத்தத்தையும் துடைத்தார். என் சிடியைப் போடலாம் என்று எடுக்கும்போது மின்சாரம் போயிற்று. பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வருமாம். கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விஜயதசமி அன்று போட்டால் இன்னும் நல்லது, புதிதாகத் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது, காலையில் நான் வந்து திறந்து வைக்கிறேன் என்றார் கோமளா. சிடியைத் தானே பத்திரமாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். எங்களுக்கும் பசி. சரியென்று கிளம்பிவிட்டோம்.

ஆயுத பூஜை அன்று மாமல்லபுரம் ஊமையாகிவிட்டது. விடுதியில் பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பெண்மணி தன் கணவரிடம் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்: "நேற்று முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தார்களே, எல்லோரும் ஊரை விட்டுப் போய்விட்டார்களா?" வெளியே போய்ப் பார்த்தேன். பட்டறைகளில் உளிகளைக் கழுவி வரிசையாகப் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று. கிரைண்டருக்கு மாலை. யார் யாரோ கூப்பிட்டுப் பொரியும் கடலையும் நாளிதழ்த் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் கொண்டாடுவோம், ஆனால் கோயிலோடு சரி. ஒரு ஊரே தன் கருவிகளுக்கு விடுமுறை கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொரியைக் கொறித்துக்கொண்டே கடற்கரையில் நடந்தேன். மனசு நிறைந்திருந்தது. அந்தப் பொட்டலமும் அந்த அமைதியும் இப்போதும் எனக்கு ஏக்கமாக வரும்.

விஜயதசமி காலை பாஸ்கரனின் ஸ்கூட்டரில் போனோம். ஊர்ப் பிள்ளைகள் முதல் லாரி உரிமையாளர்கள் வரை எல்லோரும் முந்தின நாள் சாலையில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். ஒரு வளைவில் அதில் வழுக்கி இரண்டு பேரும் வண்டியோடு சாய்ந்தோம். பிரேக் கம்பி வளைந்தது, என் முழங்கையில் குங்குமமும் ரத்தமும் கலந்து எது எதுவென்று தெரியவில்லை. தட்டிவிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

விடுமுறை நாளிலும் கோமளா அலுவலகத்தைத் திறந்து, பெருக்கி, கோலம் போட்டுக் காத்திருந்தார். முந்தாநாள் சாயங்காலம் அங்கேயும் பூஜை நடந்திருந்தது. பீரோவுக்குப் பொட்டு, ஜீப்புக்குப் பொட்டு, முத்திரைக் கட்டைக்கும் காகிதம் துளைக்கும் கருவிக்கும் பொட்டு. கணினித் திரைக்கு மூன்று பட்டை விபூதி. சிடி, வெற்றிலைத் தட்டில், தேங்காய்க்குப் பக்கத்தில் இருந்தது.

எடுத்துத் திருப்பினேன். பளபளப்பான பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்.

கோமளா விளக்கினார். பூஜையில் எல்லாவற்றுக்கும் வைத்தது போல அதற்கும் சந்தனம் வைத்திருக்கிறார். "மொகம் மாதிரி பளபளன்னு கீதே சார், அந்தப் பக்கந்தான் வச்சேன்." காலையில் வந்து பார்த்தபோது சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படியே போட்டால் இயந்திரம் ஏற்காதே என்று, வெள்ளி விளக்கைத் துலக்குவது போல விபூதி போட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார். நன்றாகவே துலக்கியிருந்தார்.

கணினியில் போட்டோம். கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நாலு முறை துடைத்துப் போட்டும் அதே கதை. உள்ளே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நாளைக்கு ஆய்வு.

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். "அம்மா, உங்களை யார் இதுக்குப் பொட்டு வைக்கச் சொன்னது" என்று ஆரம்பித்தும்விட்டேன். கோமளா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேனே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து, குற்றம் சாட்டாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"எத்தினி காப்பி வேணும்னாலும் போடலாம், யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்னு சொன்னீங்களே சார். இன்னொரு காப்பி எங்க கீது?"

பாஸ்கரன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நகல் எடுங்கள், பகிருங்கள் என்று மூன்று வருடமாகக் கூட்டம் போட்டுப் பேசியவன், மின்னஞ்சலில் முழங்கியவன், ஒரே ஒரு நகலோடு கடல் கடந்து வந்திருந்தேன். பரிசுப் பொருள் ஒன்றுதானே இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அந்த அம்மாள் சந்தனம் வைத்தது பக்தி. நான் செய்தது சுத்த மடத்தனம். வெட்கத்தில் காது சுட்டது.

பாஸ்கரனின் வீட்டுக் கணினி ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தது, அவருடைய பழைய சிடிகள் எல்லாம் யார் யாரிடமோ போயிருந்தன. கேளம்பாக்கத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார். அங்கே ஐ.டி. ஆட்கள் குடிவர ஆரம்பித்திருந்த காலம். பக்கத்தில் படூரில் கல்லூரி மாணவர்கள். யாரிடமாவது ஒரு லினக்ஸ் சிடி இருக்காதா? ஸ்கூட்டரை நம்ப முடியாது. பேருந்தில் திருப்போரூர் வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பத்துப் பேர் ஏறியிருந்த அந்த ஆட்டோவில் எனக்கு ஓட்டுநருக்குப் பக்கத்தில் அரை இருக்கை கிடைத்தது. மீதி அரை உடம்பு சாலைக்கு மேலே மிதந்துகொண்டு வந்தது. ஓட்டுநர், "உள்ள தள்ளிக் குந்து அண்ணாத்த" என்று என்னைத் தன் தோளோடு இடித்துச் சேர்த்துக்கொண்டு, புத்தம்புது மாலை எதிர்க்காற்றில் முகத்தில் அடிக்க, ஓட்டிக்கொண்டு போனார்.

படூரில் கல்லூரி விடுதி பூட்டிக் கிடந்தது. பூஜை விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பாஸ்கரனுக்குத் தெரிந்த ஒருவரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனால் அவரும் ஊரில் இல்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்று ஒரு இளநீரைப் பங்கு போட்டுக் குடித்தோம். விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். பாஸ்கரன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்.

கேளம்பாக்கம் முனையில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது. ஐந்து கணினி, மரத் தடுப்புகள், கதவுக்கு மேல் மாவிலை. வலையிலிருந்து இறக்கலாமா என்று கேட்கத்தான் நுழைந்தோம்; அந்த வேகத்தில் முழு சிடியையும் இறக்க நாலைந்து நாள் ஆகும் என்பது எங்களுக்கே தெரியும். உள்ளே திரைகளைப் பார்த்ததும் பாஸ்கரன் என் கையைக் கிள்ளினார். ஐந்திலும் லினக்ஸ்.

கடைக்காரர் பெயர் ரஃபி. திருட்டு நகல் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று புரளி கிளம்பியபோது பயந்துபோய், படூர் மாணவர்களிடம் சிடி வாங்கிப் போட்டுக்கொண்டாராம். எங்கள் கதையைச் சொன்னோம். சந்தனம் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பணப்பையை எடுத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எனுக்கே ஒர்த்தரு சும்மா குட்த்தாரு. உனுக்குக் குடுக்க இன்னா அண்ணாத்த கஷ்டம்?" என்று ஒரு நகல் எடுத்தார். பிறகு இன்னொரு வெற்றுத் தட்டையும் உள்ளே தள்ளினார். "ரெண்டா எட்த்துக்கினு போ. ஒண்ணு மிசினுக்கு, ஒண்ணு சாமிக்கு."

மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினோம். மின்சாரம் இருந்தது. லினக்ஸ் ஏறியது, தமிழ் எழுத்தும் வந்தது. ஆனால் நானும் பாஸ்கரனும் மாதக் கணக்கில் உழைத்துச் சேர்த்த தட்டச்சுப் பொறி வரிசை இந்த சிடியில் எப்படி இருக்கும்? அது நான் கொண்டுவந்த சிடியோடு போயிற்று. இதில் இருந்தது வேறொரு விசை வரிசை. கோமளா 'அ' அடித்தால் வேறேதோ வந்தது. அவர் விரல்களுக்குப் பதினோரு வருடமாகத் தெரிந்த இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

இந்த வயதில் ஒரே நாளில் எப்படி முடியும் என்று நான் முணுமுணுத்தேன். கோமளா என்னைக் கவனிக்கவே இல்லை. சுவரிலிருந்த பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக விசைப்பலகையை வரைந்தார். ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்து எழுத்தை நிரப்பினார். பொழுது சாயும்வரை அடித்தார். பின்பு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் காலை எங்கள் பேருந்திலேயே அவரும் ஏறினார். கூட்டத்தில் எங்களைப் பார்க்கவில்லை. மடியில் கைப்பை, அதன் மேல் அந்தத் தாள், அதில் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன. உதடு ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிக்கொண்டே வந்தது. கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

எத்தனையோ மாநாடுகளில் பெரிய பெரிய ஆட்கள் அரசாங்கமும் கட்டற்ற மென்பொருளும் என்று பேசிக் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன். எங்கள் நகராண்மைக் கழகம் பிற்பாடு விலைக்கே ஒன்றை வாங்கிவிட்டது. எனக்கு ஓய்வும் வந்துவிட்டது. பிரவுசிங் சென்டர்கள் போயின, பிளாப்பி போயிற்று. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்குப் பேச்சுகள் எதுவும் ஞாபகம் வருவதில்லை. அந்தப் பேருந்தில் ஓடிய விரல்கள்தான் வருகின்றன.

உதவி இயக்குநர் பதினொரு மணிக்கு வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண்மணி. பதிவேடுகளைப் புரட்டினார், பி.டி.ஓ.வை நிற்க வைத்தே கேள்வி கேட்டார். கணினியிடம் வந்ததும், இது எங்கே வாங்கியது, உரிமம் எங்கே என்றார். பி.டி.ஓ. எங்களைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பாஸ்கரன் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை. இதைப் பழுது பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார். இங்கே இவர்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்கரன். "இவங்கன்னா யாரு?" என்றார். நான் கோமளாவைப் பார்த்தேன். அவர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, என் ஆய்வுக் குறிப்பை இதுலயே அடிங்க. சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் உதவி இயக்குநர்.

முதல் வரிக்குக் கோமளா எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு எழுத்து அடிப்பார், அழிப்பார், மறுபடி அடிப்பார். இரண்டாவது பத்தியில் அழிப்பது குறைந்தது. நாலாவதில் அந்த அம்மாள் சொல்லி முடிக்கவும் இவர் அடித்து முடிக்கவும் சரியாக இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தை அச்சிட்டுக் காட்டச் சொன்னார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கீச் கீச்சென்று வரி வரியாக, கழுத்தை அறுக்கும் நிதானத்தில் தள்ளியது. தமிழ் வந்தது. உதவி இயக்குநர் தாளைக் கிழித்துக் கண்ணருகே வைத்துப் படித்தார். பிறகு மேலே சொல்ல ஆரம்பித்தார், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல்.

"ஏழு. அலுவலகக் கணினியில் தனி உரிமம் வாங்கத் தேவையில்லாத மென்பொருள் பயன்பாட்டில் உள்ளது. தமிழில் திருப்திகரமாக அச்சாகிறது. எட்டு. தட்டச்சுப் பணியை வெளியே கொடுக்கத் தேவையில்லை. கணினியின் பராமரிப்புப் பொறுப்பும் சேர்த்து, தட்டச்சர் திருமதி கோமளா பணியில் தொடரலாம்."

விசைகளின் சத்தம் நின்றது.

"மேடம்," என்றார் கோமளா திரும்பாமலே, "கடைசி வரிய இன்னொரு தபா சொல்லுங்க."

வேகமாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, அந்த அம்மாள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னார். நான் கோமளாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது, முற்றுப்புள்ளி உட்பட.